டீ கேட்ட குரலைத் திருப்பித் தரக் கோரி

மலர் தயாரிக்கும் ஐயா அவர்களுக்கு,

பாஸ்டரின் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உங்கள் வீட்டில் முழங்கால் முதற்கொண்டு எல்லாம் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள். அவள் எழுதினால் நடுநடுவே எதிர்க்கட்சி நியாயம் பேசுவாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

தம்பியின் ஊழியப் பொன்விழாவன்று மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவைக்கிறேன். நீங்கள் அச்சகத்தில் வேலை என்று வரவில்லை. பிற்பாடு வேறு யாரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக் கூடாது. மேடையில் தம்பி. அவனுக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி, வழக்கம்போல் தலை குனிந்துகொண்டு. கம்ப்யூட்டர் முன்னால் ரெக்கார்டிங் வேலை பார்க்கிறவர்; எப்போது பார்த்தாலும் காதில் அந்தக் கறுப்புக் கருவியை மாட்டியிருப்பதால் அவரைக் காதுமாட்டி என்றுதான் கூப்பிடுவேன். முன் வரிசையில் நான், என் மகள், பேத்தி. பின் வரிசையில் ரீல்காரர், அதாவது அந்தக் காலத்தில் தம்பியின் பிரசங்க நாடாவை எங்கள் வீட்டிலிருந்து வானொலி நிலையத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோனவர். கதவோரம் எதிர்வீட்டுக்காரி. அவளை யார் அழைத்தது என்று இன்னும் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இவர்களைத் தவிரச் சபையார். அவர்கள் கை தட்டியதோடு சரி.

தம்பியின் வாழ்வும் ஊழியமும் என்று மலருக்கு நாலு வரி ஆசிச் செய்தி கேட்டிருந்தீர்கள். வாழ்வைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், அதிலே பாதி எனக்குத் தெரியாத சம்பவமாக இருக்கும். தெரிந்ததைச் சொல்கிறேன். அவன் டைப்ரைட்டர் ரிப்பேர் கடையில் வேலையாக இருந்தான். ஒரு மத்தியானம் ஆண்டவர் அழைத்தார் என்று கடையை விட்டு வந்தான். முதலாளி துரத்திவிட்டார் என்பது கடைக்காரர்கள் சொல்கிற கதை. இரண்டும் ஒரே மத்தியானத்தில் நடந்திருக்கலாம், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அதற்கப்புறம் தெருமுனையில் நின்று பேசினான். நன்றாகவே பேசினான். அவசரமாகப் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டுத்தான் வானொலி நிலையத்தார் வாராவாரம் கால் மணி நேரம் கொடுத்தார்கள். அங்கேதான் வம்பு பிடித்தது. எதிரே ஆள் இல்லாமல் அவனுக்குப் பேச வராது. மைக்கின் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். அவன் குடியிருந்த வீடோ தகரப் பட்டறைக்கு மேல்மாடி. ஒரு ஜெபம் சொல்வதற்குள் கீழே நாலு வாளி தட்டி முடித்துவிடுவார்கள். ஆகையால் மைக்கையும் பெண்டாட்டியையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

என் வீட்டில் துணிமணி வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, அதை ஸ்டூடியோ என்றார்கள். நாங்கள் அன்றிரவு வெறும் தரையில் படுத்தோம். ஊழிய வரலாற்றில் இது எங்கேயும் வராது. மேலே சமையலறைப் பக்கம் ஒரு காற்றுத் துவாரம் மட்டும் திறந்திருந்தது. அதையும் அடைத்தால் பாஸ்டர் மூச்சு முட்டிப் போய்விடுவார் என்று விட்டுவைத்தோம்.

"அக்கா, நீ எதிர்ல உக்காரு. ஒரு முகம் இருந்தாத்தான் எனக்கு வார்த்தை வருது."

"என் முகமா? வேற நல்ல முகமாக் கெடைக்கலியா?"

"இருக்கறதை வச்சுத்தானே ஊழியம் பண்ணணும். சும்மா உக்காரு. பேசாதே. இருமாதே. காய் நறுக்காதே."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

இப்படித்தான் ஐயா ஊழியம் ஆரம்பித்தது. அப்புறம் அவன் பெரிய ஆளாகி, கண்ணாடி போட்ட நிஜ ஸ்டூடியோ கட்டின பிறகும் முகம் இல்லாமல் பேச்சு வரவில்லை. என் போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பேசினான். இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள். உலகமெல்லாம் கேட்கிறது என்கிறார்கள். அவன் பேசுவது என்னவோ என்னிடம்தான்.

பேசுவதும் என்னைப் பற்றித்தான். "எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி" என்று தொடங்கினானானால் அது நான். கோபத்துக்கு நான், பிடிவாதத்துக்கு நான், நாக்கை அடக்காததற்கு நான். ஒருநாள், "எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, ஒரு வாளிக்காக எதிர்வீட்டாரோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தாள்" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்கிறான். என்னால் பொறுக்க முடியவில்லை. "நாலு வருஷம். வாளி இல்ல, ஏணி" என்றேன். நாடாவில் வெட்டி ஒட்டுகிற வித்தையெல்லாம் அப்போது இவர்களுக்குத் தெரியாது. நடுவில் தப்பு வந்தால் முதலிலிருந்து பேச வேண்டும். அன்றைக்கு ஏற்கெனவே மூன்று தடவை முதலிலிருந்து பேசியாகிவிட்டது, வாசலில் ரீல்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார், ஆக அது அப்படியே ஒலிபரப்பாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரியும் கேட்டாள். கேட்டும் ஏணி வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். எந்தப் பஸ் எப்போது கிளம்பியது என்று எழுதுகிறவர். ஆனால் ரெக்கார்டிங் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறாது. முதல் முதல் நிகழ்ச்சி. தம்பி கண்ணை மூடி, குரலை இறக்கி, "ஆண்டவரே, இந்தக் காலை வேளையில் எங்களுக்கு என்ன வேண்டும் என்று நீர் அறிவீர்" என்கிறான். சமையலறையிலிருந்து அந்தக் காற்றுத் துவாரம் வழியாக இவர் குரல் வருகிறது:

"ஏம்மா, இன்னும் கொஞ்சம் டீ இருக்கா?"

அதுவும் ஒலிபரப்பாகிவிட்டது. தம்பி அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் பார்த்தால் நேயர்கள் எழுதுகிறார்கள்: டீ கேட்ட அண்ணாச்சிக்கு டீ கிடைத்ததா? அவருக்காக ஜெபிக்கிறோம். அந்த மாதம் முழுக்க அப்படியே. பிறகு தம்பியே, "என் அத்தான் எளிய மனுஷர், தேவையை ஒளிக்காமல் கேட்டார்" என்று அதை வைத்து ஒரு பிரசங்கம் செய்தான். எதையும் வீணாக்க மாட்டான்.

அவர் இறந்து வருஷங்கள் ஆகின்றன. இனிப்பே தொடாத மனுஷனைச் சர்க்கரை வியாதி முதலில் காலைப் பிடித்து, பிறகு ஆளையே கொண்டுபோனது. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து என் கையால் சர்க்கரை போடாத டீதான் குடித்தார், முகம் சுளிக்காமல் குடித்தார். அப்படியும் எப்படி ஏறியது என்று டாக்டரைக் கேட்டேன். "வெளியில ஏதாவது சாப்பிடுவாரா இருக்கும்" என்றார். "உங்க மருந்து சரியில்லேன்னு சொல்லுங்க, அவரைச் சொல்லாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். அந்த டாக்டர் பெயரை நான் இன்றுவரை உச்சரிப்பதில்லை.

போட்டோ எடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிற வழக்கம் அவருக்கு. இருக்கிற படத்திலெல்லாம் ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி இருப்பார், பண்ணினதே இல்லை. ஆக அவர் என்று எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு கேள்விதான். வருஷா வருஷம் ஊழியம் ஆரம்பித்த நாளில் அந்த முதல் நிகழ்ச்சியை மறுபடி ஒலிபரப்புவார்கள். நான் டீ போட்டு ரேடியோ பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவர் கேட்பார். "இதோ" என்பேன். பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு டீயை நானே குடிப்பேன். மீதிப் பிரசங்கம் எனக்குத் தெரிந்ததுதானே.

இந்த வருஷம் பொன்விழா என்பதால் ஒலிபரப்புக்கு முன்னால் மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்கள். பழைய நாடாவைப் புதுப்பித்தாயிற்று என்று அறிவித்தார்கள். தொடங்கியது. தம்பியின் இளவயதுக் குரல், நேற்றுப் பேசினது போல. நல்ல குரல், இல்லை என்று சொல்லவில்லை. "எங்களுக்கு என்ன வேண்டும் என்று நீர் அறிவீர்" என்றது. நான் "இதோ" என்றேன்.

யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. நான் மட்டும் அத்தனை பேர் நடுவில் உரக்க "இதோ" என்று சொல்லியிருக்கிறேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. குரல் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் எழுந்து மேடைக்குப் போனேன்.

"எங்கடா?"

"என்னக்கா?"

"டீ எங்கே?"

உடனே தம்பி பெண்டாட்டி ஓடிப்போய் ஒரு டீ கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு. காதுமாட்டிக்கு முகம் கொள்ளாத பெருமை. "ஒரு பொட்டு இரைச்சல் இல்ல பாட்டிம்மா! இருமல், மணி, குக்கர் விசில், அந்த டீ, எல்லாத்தையும் வழிச்செடுத்துட்டேன். பாஸ்டர் ஐயா சொன்னபடி எல்லா நாடாவையும் துடைச்சு வச்சாச்சு."

"அக்கா, இடைஞ்சலா இருந்ததை எடுத்தாச்சு. இனிமே வார்த்தை மட்டும்தான் நிக்கும்" என்றான் தம்பி.

"வார்த்தை நிக்கலடா. நீ மட்டும் நிக்கறே."

பின் வரிசையிலிருந்து ரீல்காரர் எழுந்து, "ஆமா, என் சைக்கிள் மணியும் வரலியே. மழையோ வெயிலோ அடிச்ச மணிங்க" என்றார். அத்தனை பேரில் நியாயமாகப் பேசினது அவர் ஒருவர்தான். திரும்பி நடந்தேன். முழங்கால் மடங்கியது, நாற்காலியைப் பிடித்தேன், நாற்காலி வயரைப் பிடித்தது, கம்ப்யூட்டர் அணைந்தது, அதோடு விளக்கும் அணைந்தது, இருட்டில் சபையார் அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து மறுபடி கை தட்டினார்கள். கதவோரத்தில் ஒரு கை என்னைத் தாங்கிப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் எதிர்வீட்டுக்காரி. நான் நன்றி சொல்லவில்லை. ஏணி பாக்கி இருக்கிறது.

மறுநாள் காலை ரேடியோவைப் போடுகிறேன். "எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, ஒரு டீக்காக ஒரு திருவிழாவை விட்டு எழுந்துபோனாள்" என்கிறான். அணைத்துவிட்டேன். மத்தியானம் போன் செய்தான், எடுக்கவில்லை. சாயங்காலம் நேரில் வந்தான். "அத்தான் குரல்னு எனக்குத் தோணவே இல்லக்கா. சத்தம்னுதான் நெனச்சேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் பார்க்காமல் அவனுக்குப் பேச வந்தது அன்றைக்குத்தான்.

அவன் பெண்டாட்டியும் கூட வந்தாள், வாசலோடு நின்றாள். அவளைப் பற்றியும் இந்த மலரில் ஒரு பக்கம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன், ஆகையால் இதையும் எழுதிவிடுகிறேன். ரெக்கார்டிங் நாட்களில் நானும் தம்பியும் உள்ளே மெத்தைகளுக்கு நடுவில் இருப்போம். சமையலறையில் இருப்பது இரண்டே பேர், அவளும் என் வீட்டுக்காரரும். தம்பியும் அவளும் வந்துபோன ஒவ்வொரு தடவையும் என் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை இறங்கியிருக்கும். அவர்தான் சர்க்கரையைத் தொடாத ஆள் என்று டாக்டர் சீட்டே இருக்கிறது. மிச்சம் யார்? நேராகக் கேட்டேன். "ஆமா அண்ணி, நான்தான்" என்றாள். ஒரு வெட்கம் இல்லை, ஒரு மறுப்பு இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு என் வீட்டில் சர்க்கரை போடாத டீதான். கல்யாணமோ சாவோ, எத்தனை விருந்தாளி நடுவில் ஆனாலும் அவள் கோப்பை தனி. ஒருநாளும் அவளும் முகம் சுளித்ததில்லை. அழுத்தக்காரி.

அவள் அப்படி இருக்க, தம்பி என் வீட்டுக்காரரை வைத்து இச்சையடக்கம் என்று ஒரு பிரசங்கமே செய்தான். "எனக்குத் தெரிந்த ஒரு மனிதர், வைத்தியர் ஒரு சொல் சொன்னார், அன்றோடு இனிப்பை விட்டார், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், கை நீளாது" என்று பேசினான். நான் எதிரே உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு அக்கா முகம் சிரித்த மாதிரி இருந்தது என்று தம்பி இப்போதும் சொல்வான். குடும்பத்தில் நல்லதுக்கு உதாரணமான ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே ஐயா, என் ஆசிச் செய்தி வேண்டுமானால் மூன்று காரியம் நடக்க வேண்டும். டீ கேட்ட குரல் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கப்பட வேண்டும். காதுமாட்டியை வேலையிலிருந்து நீக்க வேண்டும். தம்பி பெண்டாட்டியின் பக்கத்தை எடுத்துவிட்டு அங்கே ரீல்காரர் படத்தைப் போட வேண்டும், சைக்கிளோடு. இதெல்லாம் நடக்காவிட்டால் ஸ்டூடியோ கண்ணாடியில் இருக்கிற என் முகத்தை நானே வந்து உரித்தெடுத்துக்கொண்டு போவேன். அப்புறம் அவன் யாரிடம் பேசுகிறான் என்று பார்க்கிறேன்.

உங்கள் மனைவி மக்கள் நீடித்த ஆயுளோடும், அச்சகத்து இயந்திரம் பழுதில்லாமலும் இருக்கும்படி வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பாஸ்டரின் அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது காதுமாட்டி வந்தார். வாசலிலேயே நிறுத்தி, என்ன என்று கேட்டேன்.

"பாட்டிம்மா, வழிச்செடுத்ததைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல. தனியா சேத்து வச்சிருந்தேன். பாஸ்டர் ஐயா, உடனே கொண்டுபோய்க் குடுன்னாரு" என்றார். தம் காதில் இருந்ததைக் கழற்றி என் காதில் மாட்டினார். ஐயா, பிரசங்கம் ஒரு சொல் இல்லை. அத்தனை வருஷத்துப் பிரசங்கத்தையும் நீக்கிவிட்டு என் வீடு மட்டும் இருந்தது. நான் இருமுகிறேன். குக்கர் கத்துகிறது. ரீல்காரர் மணி அடிக்கிறார். ஏணி என்கிறேன். அப்புறம் அவர் டீ கேட்டார். "இதோ" என்றேன். காதுமாட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன். வேலையிலிருந்து நீக்க வேண்டாம்.

காதுமாட்டி அதோடு நிறுத்தியிருக்கலாம். இச்சையடக்கப் பிரசங்கத்தன்று எடுத்த இரைச்சலும் இதில் இருக்கிறது, சத்தத்தைக் கூட்டிவைத்திருக்கிறேன், தெளிவாகக் கேட்கும் என்றார். கேட்டது. டப்பா மூடி திறக்கிற சத்தம். கரண்டி அடிவரைக்கும் போகிற சத்தம். வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுகிற குரல், எனக்குத் தெரியாத குரலா?

"தங்கச்சி, நீ பாக்கல, என்ன?"

"வேண்டாம் அண்ணா, உங்க உடம்புக்கு ஆகாது. அண்ணிக்குத் தெரிஞ்சா உண்டு இல்லேன்னு பண்ணிடுவாங்க."

"கேட்டா நீ எடுத்ததாச் சொல்லிடு. உன்னை ரெண்டு நாள் திட்டுவா, மறந்துடுவா."

மறந்துவிடுவேனாம். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின ஆள் என்னைப் பற்றித் தெரிந்துவைத்திருந்த லட்சணம் இது.

ஆசிச் செய்தியை இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்: என் தம்பி நல்ல ஊழியக்காரன். காதுமாட்டி கெட்டிக்காரர். முதல் நிகழ்ச்சி துடைத்தபடியே இருக்கட்டும், மற்றது என்னிடம் இருக்கிறது. தம்பி பெண்டாட்டிக்கு ஒரு பக்கம் போதாது, இரண்டு பக்கமாகப் போடுங்கள். ஏன் என்று அவள் கேட்டால் அச்சகத்தில் இடம் மிச்சம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது டீயில் சர்க்கரை போட்டுக் கொடுப்பேன், அவளும் ஒன்றும் கேட்க மாட்டாள், நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். டாக்டர் பெயரைக்கூட இன்று காலை ஒரு தடவை உச்சரித்துப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்காரி விஷயம் ஏணி வந்ததும் யோசிக்கலாம். மற்றபடி எல்லாரையும் மன்னித்தாயிற்று, ஒருவரைத் தவிர. அவர் இனி எத்தனை காலைக்கு டீ கேட்டாலும் "இதோ" என்பேன், சர்க்கரை இல்லாமல் கொண்டுபோய் வைப்பேன், ஆனால் மன்னிக்க மாட்டேன்: டிப்போ நேரக்காப்பாளர், என் வீட்டுக்காரர்.